மிக்கியின் கையுறையும் அப்பாவின் கோரிக்கை அட்டையும்



போன மாத ஜூம் கூட்டம் முடிந்து எல்லோரும் கலையாமல் அரட்டை அடித்துக்கொண்டிருந்தோம். அப்போது என் ஒன்பது வயது மகள் கேமராவுக்குள் தலையை நீட்டி, தன்னுடைய பின் பையை விரிச்சுக் காட்டினாள். மொத்தம் 63 எனாமல் பின். டம்போ, ஸ்டிட்ச், டொனால்ட் டக், பெயர் தெரியாத ஒரு பூனை. பார்த்துட்டு ஒரு தோழர் கேட்டார்: "ஏங்க, மே தினக் கூட்டத்துக்கு வராதவங்க டிஸ்னிலாண்ட் போய் பின்னு மாத்திக்கிட்டு இருக்கீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். (மே தினத்துக்கு வராததுக்கு மாமியார் கண் ஆபரேஷன் காரணம். அதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.)

ஆனால் ராத்திரி படுத்தப்போ அந்தக் கேள்வி மனசுல உறுத்திக்கிட்டே இருந்தது. "சரக்கு மோகம்" என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடக் கூடிய விஷயமா இது? எனக்கு அப்படித் தோணலை. ஏன் என்று எழுதத்தான் இந்தக் கடிதம்.

முதலில், தெரியாதவர்களுக்காக. பின் என்றால் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன உலோக வில்லை. படத்தின் கோடுகள் உலோகத்தில் மேடாக நிற்கும், நடுவிலுள்ள பள்ளங்களில் எனாமல் நிறம் நிரப்பியிருக்கும். முதுகில் ஓர் ஊசி, அதை மூட ஒரு ரப்பர் மூடி. டிஸ்னி பின்களில் அந்த மூடிகூட மிக்கி தலை வடிவத்தில் இருக்கும். இந்தப் பின்களை மாற்றிக்கொள்ளும் வழக்கம் 1999 அக்டோபரில் புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில், புத்தாயிரம் கொண்டாட்டத்தின் ஒரு பகுதியாகத் தொடங்கியது. அடுத்த வருஷமே எங்க பக்கம், கலிபோர்னியாவின் அனஹைமுக்கு வந்துவிட்டது. ஒலிம்பிக் போட்டிகளில் வீரர்களும் ரசிகர்களும் பின் மாற்றிக்கொள்வது அதற்கு முன்பே பிரபலம். அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

விதிமுறை எளிமையானது. பூங்காவில் வேலை செய்பவர்கள் (அங்கே தொழிலாளி என்று சொல்ல மாட்டார்கள், "காஸ்ட் மெம்பர்" என்பார்கள், ஏதோ எல்லோரும் நாடகத்தில் நடிப்பது மாதிரி) கழுத்துப்பட்டையில் ஒரு டஜன் பின் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். யார் வேண்டுமானாலும் போய், "உங்க பின்னைப் பார்க்கலாமா?" என்று கேட்கலாம். ஒன்றைக் கொடுத்தால் ஒன்று. ஒரே ஆளிடம் ஒரு நாளில் இரண்டுக்கு மேல் மாற்றக் கூடாது. அடுத்தவர் பட்டையைத் தொடக் கூடாது. பணம் கை மாறவே கூடாது.

ஊர்லேருந்து யார் வந்தாலும் டிஸ்னிலாண்ட் பார்க்காமல் போக மாட்டார்கள் என்பது ஆரஞ்சு கவுண்டியில் குடியிருக்கும் நம்ம ஆட்களுக்குத் தெரியும். ஆர்டீசியாவில் சாப்பாடு, அனஹைமில் மிக்கி, அப்புறம் ஹாலிவுட் பலகைக்குக் கீழே ஒரு போட்டோ. அப்படி ஒரு தடவை சித்தப்பா குடும்பத்தோடு போனபோதுதான் மகளுக்கு இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. துடைப்பமும் முறமும் கையில் வைத்திருந்த ஒரு பாட்டி (அறுபது வயது இருக்கும், ஸ்பானிஷ் வாடை அடிக்கும் ஆங்கிலம்) குனிந்து அவள் கண்ணுக்கு நேராகப் பட்டையைப் பிடித்துக் காட்டினார். மகள் கால் மணி நேரம் யோசித்தாள். எதைக் கொடுப்பது, எதை எடுப்பது. அந்த அம்மா அவசரப்படுத்தவே இல்லை. கடைசியில் பூனையை வாங்கிக்கொண்டு, இவளுடைய ஒரு மிக்கியைக் கொடுத்தாள். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

நான் இதை ரசித்தேன், தோழர்களே. மறைக்கவில்லை. கடையில் குழந்தைக்கு மரியாதை கிடையாது, அப்பா அம்மாவின் பர்ஸுக்குத்தான் மரியாதை. இங்கே ஒரு குழந்தை ஒரு பெரிய மனுஷியோடு சமமாக நின்று பேரம் பேசுகிறது. நாம பள்ளிக்கூடத்தில் கோலி, பம்பரம், தீப்பெட்டிப் படம் மாற்றிக்கொண்ட அதே சந்தோஷம். மனுஷனுக்கு மனுஷன் கொடுத்து வாங்குவதில் ஒரு சுகம் இருக்கிறது. அதை முதலாளித்துவம் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு வேலி போட்டு டிக்கெட் போட்டது மட்டும்தான் அதன் சாமர்த்தியம்.

வேலி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பண்டத்துக்குப் பண்டம், பணமே இல்லை என்கிறார்கள். ஆனால் உள்ளே நுழைய ஒரு நாள் டிக்கெட் 100 டாலருக்கு மேல். மாற்றிக்கொள்ள முதலில் ஒரு பின்னாவது வாங்கியாக வேண்டும், அதற்குக் கடையில் 10 டாலருக்குக் குறையாது. பிறகு "குறைந்த எண்ணிக்கைப் பதிப்பு" என்று ஒன்று, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் மர்மப் பெட்டி என்று ஒன்று. மர்மப் பெட்டி என்பது குழந்தைகளுக்கான லாட்டரிச் சீட்டு, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கிடைக்காத ஒன்றை உண்டாக்கிவிட்டு, அதைத் தேட விடுகிறார்கள்.

தட்டுப்பாட்டை உண்டாக்கினால் கள்ளச் சரக்கு வரும். வந்தது. "ஸ்கிராப்பர்" என்று இந்த வட்டாரத்தில் சொல்வார்கள். ஓரம் சரியில்லை, நிறம் வழிந்திருக்கிறது என்று தொழிற்சாலையில் கழித்துப்போட்டவை வெளியே கசிந்ததில் தொடங்கி, அதே அச்சை வைத்தோ போலி அச்சு செய்தோ அடிப்பவை வரை எல்லாவற்றுக்கும் இதே பெயர். இணையத்தில் மூட்டையாக வாங்கினால் ஒரு பின் ஒரு டாலர்கூட ஆகாது. அசல் வைத்திருப்பவர்கள் இதைப் பற்றிப் பொரிந்து தள்ளுவார்கள். எனக்கு அந்தக் கோபத்தில் பங்கில்லை. அசலின் முதுகைத் திருப்பினாலும் பெரும்பாலும் சீனாவில் செய்தது என்றுதான் போட்டிருக்கிறது. அசலோ போலியோ, அந்தச் சின்னச் சின்னப் பள்ளங்களில் ஊசிக்குழாய் வைத்து ஒவ்வொரு நிறமாக நிரப்புவது பெரும்பாலும் ஒரு தொழிலாளியின் கைதான். மிக்கியின் காதுக்குக் கறுப்பு ஊற்றிய கைக்கு, அது அசலா போலியா என்பதால் கூலி மாறப் போவதில்லை. உரிமம் யாரிடம் என்பதில்தான் வித்தியாசம்.

இனி, பட்டை மாட்டியிருப்பவர்களுக்கு வருவோம். எனக்கு முக்கியம் அதுதான்.

கடையில் விற்காத சில பின்கள் உண்டு. "மறைந்த மிக்கி" என்று ஒரு மூலையில் மிக்கி தலைச் சின்னம் ஒளிந்திருக்கும். அவை தொழிலாளியின் பட்டை வழியாகத்தான் வெளியே வரும், வேண்டுமென்றால் அவரிடம் போய்த்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். அதாவது அந்த மனுஷரின் கழுத்தில் தொங்குவது ஒரு குட்டிக் கடை. தெரு கூட்டுகிறவர், ராட்டினம் ஓட்டுகிறவர், பாப்கார்ன் விற்கிறவர் என்று தன் வேலையோடு சேர்த்து இந்தக் கடையையும் சிரித்த முகமாக நடத்துகிறார். நம்ம ஊர் கலெக்டர் ஆபீஸ் டவாலியை நினைத்துக்கொள்ளுங்கள். பித்தளை வில்லை போட்ட பட்டை, அதை மாட்டிய ஆளுடையது அல்ல. அவர் யாருடைய ஆள் என்று சொல்வதற்குத்தான் அது. இதுவும் அப்படித்தான்.

அந்தப் பட்டைக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கை எப்படி? 2018இல் ஆக்ஸிடென்டல் கல்லூரியும் எகனாமிக் ரவுண்ட்டேபிள் என்ற ஆய்வு நிறுவனமும் டிஸ்னிலாண்ட் தொழிலாளர்களிடம் கணக்கெடுத்து ஓர் அறிக்கை வெளியிட்டன. பதில் சொன்னவர்களில் நூற்றுக்கு 73 பேர், மாதச் செலவுக்குச் சம்பளம் போதவில்லை என்றார்கள். நூற்றுக்கு 11 பேர், முந்தைய இரண்டு வருஷத்தில் ஏதாவது ஒரு கட்டத்தில் சொந்தமாகத் தங்க இடமில்லாமல் இருந்ததாகச் சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் பணம் கொடுத்து எடுத்த ஆய்வு, நம்ப முடியாது என்று நிறுவனம் மறுத்தது. சரி, தொழிலாளிக்கு எவ்வளவு பற்றவில்லை என்று வேறு யார் பணம் கொடுத்துக் கேட்கப் போகிறார்கள்?

அதே வருஷம் நவம்பரில் அனஹைம் மக்கள் வாக்களித்து ஓர் ஊதியச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். நகராட்சியிடம் வரிச் சலுகை பெறும் பெரிய விடுதி, பூங்கா முதலாளிகள் குறைந்தபட்சம் மணிக்கு 15 டாலர் கொடுக்க வேண்டும், அது வருஷா வருஷம் ஏறும். எங்களுக்கு இது பொருந்தாது என்றது நிறுவனம். தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பொருந்தும் என்று சொன்னது. கடைசியில் 23.3 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள நிறுவனம் ஒப்புக்கொண்டது. சுமார் 50,000 பேருக்குச் சேர வேண்டிய பணம். வாக்கெடுப்புக்கும் இந்தச் சமரசத்துக்கும் இடையில் ஆறு வருஷம்.

இப்போது பின்னுக்கு வருகிறேன். 2024இல் டிஸ்னிலாண்டில் நான்கு சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்பு, ஏறத்தாழ 14,000 பேருக்காகப் புது ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தது. அப்போது தொழிலாளர்கள் ஒரு பட்டன் குத்திக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். அதில் மிக்கியின் வெள்ளைக் கையுறை இருந்தது. ஆனால் டாட்டா காட்டும் கை இல்லை, முஷ்டியாக உயர்ந்த கை. அதைக் குத்தியதற்காக நூற்றுக்கணக்கானவர்களைக் கண்டித்தார்கள், மிரட்டினார்கள், கண்காணித்தார்கள் என்று ஜூன் மாதம் சங்கங்கள் தேசியத் தொழிலுறவு வாரியத்தில் புகார் கொடுத்தன.

இதைப் படித்தபோது நான் மகளின் பின் பையைத்தான் பார்த்தேன். அதே நெஞ்சு, அதே சட்டை. அதில் ஒரு டஜன் பின் தொங்கலாம், அது "மாயாஜாலம்". பதின்மூன்றாவதாக ஒன்று, அதுவும் மிக்கியின் கையே, குத்தினால் அது சீருடை மீறல். அப்படியென்றால் பிரச்சினை பின்னில் இல்லை. அந்த நெஞ்சு யாருடையது என்பதில் இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1945லேயே ஒரு பதில் சொல்லியிருக்கிறது. ரிபப்ளிக் ஏவியேஷன் என்ற விமானக் கம்பெனி, சங்கப் பட்டனைக் கழற்ற மறுத்த தொழிலாளர்களை வேலையைவிட்டு நீக்கியது. அது தப்பு, சங்கச் சின்னம் அணிவது சட்டம் பாதுகாக்கும் உரிமை என்று தீர்ப்பு வந்தது. ஆனால் "விசேஷ சூழ்நிலை" என்று ஒரு சந்து உண்டு. வாடிக்கையாளர் முன் நிற்கும் வேலை, எங்கள் தோற்றம் கெடும் என்று முதலாளிகள் அந்தச் சந்து வழியாகத்தான் புகுந்து வருவார்கள். எல்லோரும் நடிகர்கள், எல்லா இடமும் மேடை என்று சொல்லும் ஒரு நிறுவனத்துக்கு அந்தச் சந்து எவ்வளவு வசதி!

அப்பா ஞாபகம் வந்தது. அவர் ஊரில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். போராட்டம் என்று சங்கம் முடிவு செய்தால், முதல் கட்டம் எப்போதும் "கோரிக்கை அட்டை அணிந்து பணி". உள்ளங்கை அகல அட்டையில் நாலு வரி அச்சடித்திருக்கும். அம்மா அதைச் சட்டைப் பைக்கு மேலே ஊக்கு வைத்துக் குத்தி விடுவார். அப்பா அன்றைக்கு மற்ற நாளைவிடச் சீக்கிரம் ஆபீஸ் போவார். வேலை ஒன்றும் நிற்காது. பட்டா கேட்டு வந்தவருக்குப் பட்டா, சான்றிதழ் கேட்டு வந்தவருக்குச் சான்றிதழ். ஆனால் வந்தவர் அட்டையைப் படிப்பார். "என்னங்க சார், பஞ்சப்படியா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் அட்டை.

சின்ன வயசில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஓர் அட்டை குத்தினால் அரசாங்கம் பயந்துவிடுமா? அப்பா சொல்வார்: "பயப்படறது அவங்க இல்லம்மா. பயப்படாம இருக்கக் கத்துக்கறது நாங்க." தனியாக ஒருவர் அட்டை குத்தினால் அவர் பைத்தியம். மேஜைக்கு மேஜை குத்தியிருந்தால் அது சங்கம். யார் குத்தியிருக்கிறார், யார் குத்தவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடுத்த கட்டத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணிப் பார்க்கும் வழி அது. அதனால்தான் அதிகாரம் எப்போதும் அட்டையிலிருந்தே எரிச்சல்படத் தொடங்குகிறது. எரிச்சல் முற்றினால் என்ன ஆகும் என்பதை 2003 ஜூலையில் தமிழ்நாடு பார்த்தது. வேலைநிறுத்தம் செய்த சுமார் 1,70,000 அரசு ஊழியர், ஆசிரியர்கள் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். அப்பா அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அனஹைமில் கதை இப்படி முடிந்தது. 2024 ஜூலையில் வேலைநிறுத்தத்துக்கு ஒப்புதல் கேட்டு வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 99 பேர் சரி என்றார்கள். சில நாட்களிலேயே நிறுவனம் இறங்கி வந்து தற்காலிக உடன்பாடு ஏற்பட்டது, மாதக் கடைசியில் தொழிலாளர்கள் அதை ஏற்றார்கள். அடிப்படைக் கூலி மணிக்கு 19.90 டாலரிலிருந்து 24 டாலர் ஆனது. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், மிக்கி வேஷம் போடுகிறவர்களும் ஊர்வலத்தில் ஆடுகிறவர்களுமாகச் சுமார் 1,700 பேர், நடிகர் சங்கத்தில் சேர வாக்களித்திருந்தார்கள். 953 பேர் ஆதரவு, 258 பேர் எதிர்ப்பு. ஆக, முகமூடிக்கு உள்ளே இருப்பவருக்கும் இப்போது சங்கம் இருக்கிறது.

இதைப் பெரிய புரட்சி என்று நான் சொல்ல மாட்டேன். 24 டாலரை வைத்து ஆரஞ்சு கவுண்டியில் வாடகை கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அது அந்தப் பட்டனோடு தொடங்கியது என்பதை மறக்கக் கூடாது.

இந்த நிறுவனத்துக்கு இது புதுசும் இல்லை. 1941 மே மாதம் வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோவில் ஓவியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூஃபிக்கு உயிர் கொடுத்தவர்களில் முக்கியமானவரான ஆர்ட் பேபிட்டைச் சங்க வேலைக்காக நீக்கியதுதான் தீப்பொறி. டம்போ படம் தயாரிப்பில் இருந்த சமயம் அது. ஓவியர்கள் தாங்கள் வரைந்த பாத்திரங்களையே பதாகையில் வரைந்து வாசலில் நின்றார்கள். ஜெயித்தார்கள், சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. ஆறு வருஷம் கழித்து வால்ட் டிஸ்னி வாஷிங்டன் போய், அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிக்கும் குழுவின் முன், அந்த வேலைநிறுத்தத்துக்குப் பின்னால் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள் என்று சாட்சி சொன்னார். ஆக, மிக்கியின் கையை முஷ்டியாக வரைந்தவர்கள் எதையும் திருடவில்லை. அந்தக் கையை முதலில் வரைந்தவர்களின் வாரிசுகள்தான் அவர்கள்.

"அப்படியென்றால் போகாமலே இருக்கலாமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் பதில்: சங்கம் வராதே என்று கூப்பிட்ட அன்றைக்கு, வாங்கிய டிக்கெட் வீணானாலும் போகக் கூடாது. மறியல் கோட்டைத் தாண்டக் கூடாது. அதில் சமரசம் இல்லை. ஆனால் போராடுகிறவர்கள் கேட்காத பகிஷ்கரிப்பை நாமே அறிவித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தால், நம்ம மனசாட்சிக்குச் சுத்தம், அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பாக இருக்கும். அடுத்தவர் கழுத்துப் பட்டையைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேனே, நம்ம கழுத்தில் என்ன தொங்குகிறது? இந்த மடலைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது கம்பெனி அடையாள அட்டையைப் பட்டையில் மாட்டிக்கொண்டு அலைபவர்கள்தான். அதில் கம்பெனி கொடுத்த பின் குத்திக்கொள்வோம். ஐந்து வருஷம் முடித்ததற்கு ஒன்று, ஏதோ புராஜெக்ட் வெளியானதற்கு ஒன்று. சங்கத்தின் பின் எத்தனை பேர் குத்தியிருக்கிறோம்? 2021இல் கூகுளிலேயே ஆல்ஃபபெட் தொழிலாளர் சங்கம் வந்துவிட்டது. நாம் அதைச் செய்தியாகப் படித்தோம்.

பயம் எனக்கும் புரியும். எச்1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாள்தான் கெடு. வீட்டுக் கடன், குழந்தை பள்ளிக்கூடம், ஊரில் அப்பா அம்மா மருத்துவச் செலவு. ஆனால் தொழிலுறவுச் சட்டம் கொடுக்கும் பாதுகாப்பு குடியுரிமை பார்த்துக் கொடுப்பதல்ல. மேலாளர் இல்லாத பட்சத்தில், விசாக்காரருக்கும் சங்கம் சேரவும் சக ஊழியரோடு சம்பளம் பேசவும் உரிமை உண்டு. சட்டம் இருந்தாலும் தனியாக நின்றால் ஆபத்துதான். அதனால்தானே மேஜைக்கு மேஜை என்றார் அப்பா.

ஆகவே என் யோசனை மூன்று. ஒன்று, பூங்காவுக்குப் போகிற தோழர்கள் பின் மாற்றும்போது அந்தத் தொழிலாளியிடம், உங்கள் சங்கத்தோடு நாங்கள் இருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேலையில் இருப்பவரைச் சங்கடப்படுத்தாமல், சுருக்கமாக. இரண்டு, அடுத்த ஒப்பந்தப் பேச்சு வரும்போது நம்ம குழு சார்பில் என்ன செய்யலாம் என்று இப்போதே பேசி வைப்போம். நம்ம தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் மட்டும் கையெழுத்துப் போட்டாலே ஒரு நல்ல கடிதம் ஆகும், டிக்கெட் வாங்குகிறவர்கள் நாம்தானே. மூன்று, நம்ம வேலையிடங்களில் யார் யார் எந்த நிலையில் இருக்கிறோம், என்ன பேச முடியும், என்ன பேசப் பயம் என்று ஒரு மூடிய கூட்டம் வைப்போம். இதுதான் கஷ்டம், அதனால் இதையே முதலில் செய்யலாம்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது மகள் வந்து, திரையில் இருந்த அந்த முஷ்டிப் பட்டன் படத்தைப் பார்த்தாள். "அம்மா, இது எங்க கிடைக்கும்? எதைக் குடுத்தா இதை மாத்திக்கலாம்?"

"இது மாத்திக்கறது இல்லடி, குத்திக்கறது" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ தாத்தாகிட்ட இருந்துச்சே, அது மாதிரியா?"

ஆமாம் என்றேன். அப்பாவின் அட்டை ஒன்று இன்னும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அடுத்த தடவை ஊருக்குப் போனால் எடுத்து வரச் சொல்லியிருக்கிறாள். 64ஆவதாக வைத்துக்கொள்வாளாம்.

அடுத்த கூட்டத்தில் சந்திப்போம். கேலி செய்த தோழர் கட்டாயம் வரவும்.

தோழமையுடன்,
ஆரஞ்சு கவுண்டியிலிருந்து உங்களில் ஒருத்தி